பொதுமல்

அந்த அறையில் இருந்தவர்கள். டாக்டர் ஒருத்தர், சின்ன வயசு. நர்ஸம்மா ஒருத்தர், கையில் சீட்டு. அடுத்து பார்க்க வேண்டியவர் என்று கதவோரம் உட்கார வைத்திருந்த ஒரு பெரியவர், கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என்கூட வந்தவருடைய சம்சாரம். நான். அப்புறம் அவர்.

அடிவாரம் தாண்டி சேலம் போகிற வழியில் சின்ன கிளினிக். பேர் வேண்டாம். பகல் பதினோரு மணி. மாத்திரை வாங்கிக்கொண்டு மலை ஏறினோம். மறுநாள் காலையில் அவர் செத்துப்போனார்.

அந்த அறையில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவன். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

அவர் பேரையும் எழுதவில்லை. பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. பட்டப்பேர் சொன்னால் மலைமேல் வாழவந்தியில் இருந்து ஒண்டிக்கடை வரைக்கும் தெரியும். அது பிறகு.

நாங்கள் எஸ்டேட்டில் ரோட்டு ஆளுங்க. காப்பி பறிக்கிறது, மிளகுக்கு மரம் ஏறுறது எங்கள் வேலை இல்லை. எஸ்டேட்டுக்குள் ஓடுகிற ரோட்டில் குழி மூடணும், தண்ணி போகக் காவா வெட்டணும், கல்லுக்கட்டு கட்டணும். கல்லுக்கட்டு என்றால் மேட்டு மண் சரியாமல் இருக்க கல்லை அடுக்கிக் கட்டுகிற சுவர். பதினாலு வருசம் அவரும் நானும் சேர்ந்து செய்தோம். அவர் என்னைவிட மூணு வயசு பெரியவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னை 'ஏனுங்க' என்பார். சின்னவனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் நாயைக்கூட 'அங்கிட்டுப் போங்க' என்றுதான் விரட்டுவார்.

ஒல்லியான ஆள். மழைக்கு உரச்சாக்கை மடித்து தலையில் கொங்காடை போட்டுக்கொள்வார். எஸ்டேட்டில் மழைக்கோட்டு கொடுத்தார்கள். அதைப் போட்டால் மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தெரியவில்லை என்று ஆணியில் மாட்டிவிட்டார்.

அவர் குணம் இதுதான். ஒரு பொருளுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வார்த்தையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்.

எங்கள் ரோடு பெரிய ரோட்டில் சேர்கிற இடத்தில் பைக்கில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நிற்பார்கள்.

"ணா, மேல பனி இருக்கா?"

"பனி இல்லீங்க."

"அதோ, வெள்ளையா தெரியுதே?"

"அது சலுவைங்க."

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். இவர் பின்னாலேயே கத்துவார். "முட்டுமூட்டம் வந்தா நின்னுருங்க சாமி!"

சலுவை என்றால் தெரியாமல் வந்து சட்டையை நனைத்துவிட்டுப் போவது. முட்டுமூட்டம் என்றால் லைட்டைப் போட்டால் வெளிச்சம் போகாமல் நம் முகத்துக்கே திரும்பி வருவது. பனி என்பது தை மாசம் காலையில் புல் மேல் கிடப்பது. அதுதான் பனி. மற்றது பனி இல்லை.

"எல்லாமே வெள்ளைதானேண்ணா, பனின்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன் ஒரு தடவை.

"எல்லாத்தையும் பனின்னுட்டா, எதுக்கு வண்டிய நிறுத்தறது?"

மூணாவது காவா பக்கம் ஒரு பாறை மண்ணில் பாதி புதைந்து நிற்கிறது. அதை உறங்குகல் என்பார். இப்போது விழாது, ஆனால் விழும் என்கிற கல். அதற்குக் கீழே நல்ல நிழல். சோறு சாப்பிட நான் உட்காரப் போனால் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு வெயிலுக்குப் போய்விடுவார். நான் பின்னால் போக வேண்டும். அந்தக் கல் இன்னும் விழவில்லை. நானும் இன்னும் அதற்குக் கீழே உட்காரவில்லை.

அவருடைய சம்சாரம் கீழ்நாட்டுக்காரங்க, சேலம் பக்கம். "கல்யாணமாகி மூணு வருசம் இந்தாளு தெலுங்கு பேசறாருன்னு நெனச்சேன்" என்பாங்க. அவர் அதற்கும் திருத்தம் சொல்வார். "ரெண்டரை வருசமுங்க."

ஒரு நாள் கடப்பாறை வழுக்கி அவர் கால்மேல் கல் விழுந்தது. பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

"வலிக்குதாண்ணா?"

"ம்ம். இது வலி." ஏதோ தேடிக்கொண்டிருந்தது கிடைத்த மாதிரி சொன்னார். "வலின்னா வெளிய இருந்து வரோணும். அடிச்சா, கிழிச்சா, சுட்டா. உள்ள இருந்து வர்றதுக்கெல்லாம் வேற வேற பேரு."

"என்ன பேரு?"

"வந்தா சொல்றேனுங்க."

கல்லுக்கட்டு விழுந்தது ஒரு கார்த்திகை மாசம். நாலு நாள் பெய்த மழை விட்டு வெயில் வந்திருந்தது. களத்தில் காப்பி காயப் பரப்பியிருந்தார்கள். களத்துக்கு மேலே ரெண்டு ஆள் உசரத்துக்கு கல்லுக்கட்டு. அவர் போய் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். கன்னத்தைக் கல்லுக்குக் கிட்ட கொண்டுபோனார். பத்து எண்ணுகிற நேரம் அப்படியே நின்றார்.

"பொதுமல் கண்டிருக்குதுங்க."

நானும் கை வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"விரிசல் எதுவும் காணோமேண்ணா."

"காணாதுங்க. விரிசல் விட்டா நல்லது, தண்ணி வெளிய போயிரும். இது தண்ணியக் குடிச்சு உள்ளயே வெச்சுக்கிட்டு பேசாம நிக்குது. வெளிய ஒண்ணும் காட்டாது. பொறவு ஒரேயடியா வரும். அதான் பொதுமல்."

நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எஸ்டேட்டில் ரைட்டர் என்பவர் கணக்கும் ரிஜிஸ்டரும் எழுதுகிறவர். கெட்ட மனுசன் இல்லை. ரோடு ரிஜிஸ்டரில் அவருக்கு மூணு கட்டம்.

"விரிசலா?"

"இல்லீங்க."

"சரிவா?"

"இல்லீங்க."

"நீர்க்கசிவு?"

"இல்லீங்க. கசிஞ்சாத்தான் நல்லதாச்சுங்களே."

"அப்ப நல்லாத்தானே நிக்குது?"

"பொதுமலுங்க."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மூணு கட்டந்தானுங்க இருக்குது. பொதுமலுக்கு நான் எங்க போறது? நீங்களே ஒரு கட்டம் கட்டிக் குடுங்க, கல்லுக்கட்டு மாதிரி."

மூணிலும் இல்லை என்று எழுதினார். இவர் நேராகக் களத்துக்கு இறங்கி, காப்பியை வாரித் தள்ளிப் போடுங்க என்றார். பெண்கள் சும்மா இருப்பாங்களா.

"நாலு நாளா வெயிலுக்குத் தவங்கெடந்து இப்பத்தான் பரப்புனோம். வந்துட்டாரு வாரச் சொல்ல. ஏனுங்க, செவுரு உங்ககிட்ட பேசுச்சுங்களா?"

"பேசலீங்க. அதான் பயமா இருக்குது."

திட்டிக்கொண்டே வாரினார்கள். அவர் குறுக்கே கயிறு கட்டினார். மூணாம் நாள் காலை எட்டு மணிக்கு, வானம் துடைத்த மாதிரி இருக்கும்போது, கல்லுக்கட்டு வந்தது. சத்தம் ஒரே தடவை. பாதிக் களம் மூடிவிட்டது. அடியில் யாரும் இல்லை.

ரைட்டர் ஓடி வந்து பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "விரிசல் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. விரிசல் இல்லைதானுங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. சரியான பதிலைச் சொன்னார்.

மேலே இருந்து ரைட்டரைக் கேள்வி கேட்டிருப்பார்கள் போல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒண்டிக்கடையில் பாய் டீக்கடைக்கு ரைட்டர் ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார். ரைட்டர் மகள் படிக்கிற அகராதி. பெஞ்சில் விரித்து விரலை ஓட்டினார்.

"பாருங்க. பொது இருக்குது. பொதுக்குழு இருக்குது. பொதுமக்கள் இருக்காங்க. அதுக்கு அடுத்தது பொதுமறை. உங்க பொதுமல் இருந்தா இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கோணும். இருக்குதா?"

விரலை வைத்துக் காட்டினார். ரெண்டு வரிக்கும் நடுவில் ஒரு நூல் போகிற இடம்கூட இல்லை.

பாய் டீ ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "பொதுமக்களே இன்னிக்கி கடைக்கு வரக்காணோம். பொதுமல் வந்து என்ன பண்ணப் போவுது?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"இன்னொருக்கா பாருங்க" என்றார் அவர்.

ரைட்டர் இன்னொருக்கா பார்த்தார். இல்லை.

"இத எழுதுனவரு மலைக்கு வந்திருக்காருங்களா?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"வந்திருந்தாலும் மழைக்கு முன்ன வந்துட்டுப் போயிருப்பாருங்க."

"அகராதியில இல்லைன்னு காட்டுறேன், அகராதிக்கே குத்தம் சொல்றீங்களே. உங்களுக்கு நொம்பத்தான் அகராதி புடிச்சிருக்குது!"

அன்றைக்கு ஒட்டினது அந்தப் பேர். அகராதி. பாய் கடையில், பஸ்ஸில், எஸ்டேட் லைன் வீடுகளில், எல்லா இடத்திலும். "அகராதிக்கு ஒரு டீ." அவர் அதற்குத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் டீயை வாங்கிக்கொள்வார்.

பிறகு சேலத்தில் இருந்து காலேஜ் பொண்ணு ஒண்ணு வந்தது. மலையில் பேசுகிற வார்த்தையெல்லாம் சேர்க்கிறதாம். பாய்தான் கைகாட்டிவிட்டார். "இவரு வாயத் தொறந்தா உங்க நோட்டு தீந்துரும் அம்மணி."

அன்றைக்கு மட்டும் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சலுவை சொன்னார், முட்டுமூட்டம் சொன்னார், உறங்குகல் சொன்னார். பொண்ணு எழுதிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசியில் ஒரு கட்டம். அதில் ஒன்று, மூணு என்று எண் போட்டது. கடைசியாக அவர் பொதுமல் சொன்னார். நிதானமாகச் சொன்னார். சுவரில் கை வைப்பதை மேசைமேல் வைத்துக் காட்டினார்.

"அந்தக் கட்டம் என்னங்க அம்மணி?" என்று கேட்டார்.

"எத்தனை பேர் சொல்றாங்கன்னு போடறதுங்கய்யா. ரெண்டு பேராவது சொன்னாத்தான் சேப்போம். ஒருத்தர் மட்டும்னா, அவரோட பழக்கம்னு விட்ருவோம்."

அப்புறம் என் பக்கம் திரும்பியது. "அண்ணா, நீங்களும் ரோட்டு வேலைதானுங்களே? பொதுமல்னு நீங்க சொல்லுவீங்களா?"

ரைட்டர் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அது அவரு சொல்றதுங்க அம்மணி. நாங்க சொல்றதில்லை."

பொண்ணு கட்டத்தில் ஒன்று என்று போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டது. அவர் அதைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தபிறகு கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும். ஆனா நான் வாயால சொன்னதில்லையேண்ணா."

யோசித்தார். "அதுஞ்சரிதானுங்க" என்றார்.

அந்தப் பொண்ணு வாழவந்தியிலும் நாலு ஊட்டில் கேட்டுப் பார்த்ததாம். யாருக்கும் தெரியவில்லை. அவருடைய அம்மா பேசினதா, அவரே கட்டினதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கல்லைக் கட்டுகிறவன் வார்த்தையையும் கட்டியிருக்கலாம். கட்டினது நின்றால் சரி.

கிளினிக் போன அன்றைக்குக் காலை ஒன்பது மணி இருக்கும். காவாயில் சருகு வாரிக்கொண்டிருந்தோம். அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். குளிரில் வேர்த்திருந்தது.

"என்னண்ணா?"

"பொதுமல் கண்டிருக்குதுங்க."

நான் நிமிர்ந்து கல்லுக்கட்டைப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

"எங்கண்ணா?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

எஸ்டேட் ஜீப் சாமான் வாங்க சேலம் போக இருந்தது. அவர் சம்சாரத்தையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். கிளினிக்கில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்ன பண்ணுது?" என்றார் டாக்டர்.

"நெஞ்சுக்குள்ள பொதுமலுங்க."

"பொருமலா? வயிறு உப்புசமா இருக்கா?"

"பொருமல் இல்லீங்க. பொதுமல்."

"வலிக்குதா?"

"வலி இல்லீங்க."

"குத்துதா? எரியுதா?"

"இல்லீங்க."

"கைக்கு, தோளுக்கு வலி போகுதா?"

"வலியே இல்லீங்களே."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

அவர் சம்சாரம் சொன்னாங்க. "மொச்சக்கொட்டக் கொழம்புங்க டாக்டர். சொன்னாக் கேக்கலீங்க, ரெண்டு தடவ ஊத்திக்கிட்டாரு."

டாக்டர் சிரித்தார். ஆனாலும் எழுதாமல் நிறுத்தி நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா என்னைப் பார்த்தார்.

"ஏங்க, பொதுமல்னா என்ன? அப்படி ஒரு வார்த்தை இருக்கா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உள்ளங்கை விரித்தபடி நெஞ்சுமேல் இருந்தது. சுவரில் வைக்கிற மாதிரியே.

பதினாலு வருசமாக அவர்கூட நிற்கிறேன். அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் என்னையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள். நர்ஸம்மா உதட்டோரம் சிரிப்பு இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அப்படியெல்லாம் இல்லைங்க. அவரு பாட்டுக்கு எதையாச்சும் சொல்லுவாருங்க."

விரலில் துணி சுற்றின பெரியவர் சிரித்தார்.

"பொருமல். வலி இல்லை" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதினார். "கேஸ்தான். மாத்திரை போடுங்க. வலி வந்தா உடனே வாங்க, ஈசிஜி எடுத்துப் பாத்துரலாம்."

டாக்டர்மேல் குத்தம் இல்லை. அவருக்கும் மூணு கட்டம்தான். நாலாவதையும் நர்ஸம்மாவை விட்டுக் கேட்டார். நான் இல்லை என்றேன்.

ஜீப் வளைவு வளைவாக ஏறியது. சம்சாரம் மாத்திரைக் கவரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாங்க. பாதி மலையில் அவர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"ஏனுங்க, இல்லைன்னு சொன்னீங்களே. வார்த்தை இல்லைன்னு சொன்னீங்களா, பொதுமல் இல்லைன்னு சொன்னீங்களா?"

"வார்த்தை" என்றேன்.

"சரிங்க."

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசியது, ஊட்டு வாசலில் இறங்கும்போது "வரேனுங்க" என்றது மட்டும்.

காலையில் குழாயடிக்கு முகம் கழுவப் போயிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சம்சாரம் ஓடிப்போய், வலிக்குதா வலிக்குதா என்று கேட்டிருக்காங்க. இல்லை என்று தலையை ஆட்டினாராம். அவ்வளவுதான். ஒரேயடியாக.

பாய் கடையை அடைத்துவிட்டு வந்தார். தேங்காய்ப்பூத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் ஓரமாக நின்றார். ரைட்டர் மாலை வாங்கி வந்தார். "வலி இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார். குழி வெட்ட ஆள் போதவில்லை என்றார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பொதுமல் என்றால் என்ன என்று அவர் சம்சாரம் இதுவரைக்கும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காமலே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாசம் ஒருதடவை அரிசியோ வாழைத்தாரோ கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன். "எதுக்குங்க தம்பி" என்பாங்க.

காலேஜ் பொண்ணு பங்குனியில் மறுபடி வந்தது. பாய் கடையில் அதே பெஞ்சு, அதே நோட்டு. ஐயா எங்கே என்று கேட்டது. பாய் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். நான்தான் சொன்னேன்.

பொண்ணு நோட்டைத் திருப்பியது. பொதுமல். ஒன்று. கேள்விக்குறி.

"காலேஜ்ல ஏற்கெனவே இத எடுத்துரச் சொல்லிட்டாங்க அண்ணா. இப்ப சொன்ன அந்த ஒருத்தரும் இல்லைன்னா எப்படி வெக்கறது?"

"எனக்குத் தெரியும் அம்மணி."

"நீங்க சொல்றதில்லைன்னு சொன்னீங்களே?"

"இப்பச் சொல்றேன். பொதுமல்."

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையை முதல் தடவையாக வாயால் சொன்னேன். பாய் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்ணடிக்கவில்லை.

பொண்ணு பேனாவை எடுத்தது. "அவர் சொன்னப்ப உங்களுக்குத் தெரியுமா? இல்லை, பிற்பாடு தெரிஞ்சதா? அதப் பொறுத்துத்தான் எண் போடணும் அண்ணா."

கிளினிக்கில் நடந்ததை அதனிடம் சொன்னேன். யார் யார் இருந்தார்கள், யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எல்லாம். அது எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது. முடித்தபிறகு கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "எத்தனைண்ணா?" என்றது.

எண்ணிச் சொன்னேன். டாக்டருக்குத் தெரியாது. நர்ஸம்மாவுக்குத் தெரியாது. விரலில் துணி சுற்றின பெரியவருக்குத் தெரியாது. அண்ணன் சம்சாரத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

அறையில் ஆறு பேர். தெரிந்தவர்கள் ரெண்டு.